பொருநை அடுக்கு

மேலப்பாளையம்
9 ஜனவரி 2025

பிருந்தாவுக்கு,

உன் போன் எண்ணை நான் தடுத்து வைத்திருப்பது உனக்குத் தெரியும். ஆய்வுக்கூடத்து மின்னஞ்சலைத் தினமும் காலையில் காபியோடு சேர்த்து ஞானசம்பந்தன் சார் படிக்கிறார் என்பதும் தெரியும். அதனால் மாதிரிகள் வரும் பெட்டிக்குள்ளேயே இந்தக் காகிதத்தை வைக்கிறேன். இது வேலை. நட்பு என்று எடுத்துக்கொள்ளாதே.

பெட்டியில் ஆறு மாதிரிகள். துத்தநாக ஆக்சைடு படிகத்தின் மேல் வெள்ளிப் பூச்சு. நீ செப்டம்பரில் கிளம்பிப் போனவரை நம் வெள்ளி என்ன லட்சணத்தில் இருந்தது என்பது உனக்கு நினைவிருக்கும். சேம்பு இலையில் விழுந்த தண்ணீர் மாதிரி உருண்டு உருண்டு நிற்கும், சமமாகப் பரவாது. நான்கு வருடம் அதோடு மல்லுக்கட்டினேன். போன நவம்பரிலிருந்து பரவுகிறது. அதே வெற்றிட சேம்பர், அதே படிகம், அதே சூடு, அதே நான். வெள்ளியும் ஆக்சைடும் தொடுகிற இடத்தில் ஏதோ நடக்கிறது. அதைப் பார்க்கும் நுண்ணோக்கி எங்களிடம் இல்லை, உன்னிடம் இருக்கிறது.

ஏன் பரவுகிறது என்ற கேள்வி சாருக்குத் தேவைப்படவில்லை. போன வாரமே ஒரு நாளிதழ்க்காரரை வரவழைத்து, சேம்பர் மேல் கையை வைத்துப் படம் எடுத்துக்கொண்டார். "எத்தனை வருஷ உழைப்பு சார்?" என்று அவர் கேட்டார். "முப்பது" என்றார் சார். அந்த இயந்திரம் வந்தே ஒன்பது வருடம்தான் ஆகிறது. வெளியான படத்தில் என் முழங்கை இருக்கிறது.

ஒன்றை எழுதிவிட்டு முடிக்கிறேன். அந்தப் பெங்களூரு வேலைக்கு நானும் விண்ணப்பம் எழுதி வைத்திருந்தேன். அது தெரிந்தே, "அவ வீட்ல வெளியூருக்கு விடமாட்டாங்க மாமா" என்று சாரிடம் சொன்னவள் நீ. சிபாரிசு உனக்குப் போனது. என் வாப்பா எனக்குப் பயணப் பெட்டியே வாங்கி வைத்திருந்தார்.

மாதிரிகளைப் பார்த்துவிட்டு எழுது.

ரைஹானத்


பெங்களூரு
2 பிப்ரவரி 2025

அன்புள்ள ரைஹானா,

திட்டு வந்து சேர்ந்தது. பதில் சொல்லமாட்டேன். சொன்னால் அடுத்த பெட்டியை நீ வேறு யாருக்காவது அனுப்பிவிடுவாய்; இந்த வேலையை என் அளவுக்குச் செய்ய ஆள் அதிகமில்லை.

உன் மாதிரிகளைத் தாளைவிட ஆயிரம் மடங்கு மெலிதாகச் சீவி எலக்ட்ரான் கற்றைக்கு முன்னால் நிறுத்தினேன். கீழே ஆக்சைடு, அணுக்கள் வரிசை வரிசையாக. மேலே வெள்ளி, அதுவும் வரிசை வரிசையாக. (இங்கே வருகிற ஒவ்வொரு அமைச்சரும் திரையைப் பார்த்து "அட, கோலம்!" என்கிறார். நாங்களும் முதல்முறை கேட்பதுபோலச் சிரிக்கிறோம்.) இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு வரிசை மட்டும் வேறு. அது வெள்ளியும் இல்லை, துத்தநாகமும் இல்லை. ஒரே ஒரு அணுவின் கனம். ஆறு மாதிரியிலும் இருக்கிறது. ஆகஸ்டில் நீ செய்த பழையது ஒன்று என்னிடம் இருந்தது, அதையும் சீவிப் பார்த்தேன். அதில் இல்லை.

அந்த வரிசை பொட்டாசியம். வெள்ளியை உருளவிடாமல் பிடித்து வைத்திருப்பது அதுதான்.

நீ பொட்டாசியம் போடவில்லை. பிறகு எங்கிருந்து வந்தது? கோபப்படாமல் பதில் சொல்: கையுறை போட்டாயா? வியர்வையிலும் பொட்டாசியம் உண்டு.

மாமாவுக்கு முடிவை அனுப்பிவிட்டேன். கருவி நேரம் அவர் பெயரில்தான் பதிவாகியிருக்கிறது, அனுப்பாமல் முடியாது. உடனே அழைத்தார். "பிருந்தா, இதுக்குப் பொருநை அடுக்குன்னு பேரு வைக்கேன். தாமிரபரணிக்குப் பழைய பேருல்லா! வெள்ளக்காரன் வாயில அது நொழையட்டும்" என்றார். "நல்லாருக்கு மாமா" என்றேன். எனக்கு முதுகெலும்பு இல்லை என்று நீ எழுதப்போகும் வரியை நானே எழுதிவிடுகிறேன். உனக்கு மை மிச்சம்.

பிருந்தா


மேலப்பாளையம்
11 ஏப்ரல் 2025

பிருந்தாவுக்கு,

கையுறை போட்டேன், ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு. வியர்வைதான் காரணம் என்றால் அதே வியர்வை நான்கு வருடமாக எனக்கு இருந்தது. உருண்டுகொண்டிருந்த வெள்ளியைக் கேட்டுப் பார்.

கட்டுரை அச்சுக்குப் போய்விட்டது. சம்மதம் என்று நீயும் கையெழுத்துப் போட்டிருக்கிறாய். "படிகத்தின் உள்ளிருந்து தானாக மேலேறி வந்து அமர்ந்த பொட்டாசியம்" என்று எழுதியிருக்கிறார். அந்தப் படிகத்தில் பொட்டாசியமே கிடையாது என்று விற்றவன் கொடுத்த சான்றிதழ் நம் அலமாரியில் இருக்கிறது. முதல் பெயர் அவர். இரண்டாவது, நம் கட்டடத்துக்கு ஒருமுறை குத்துவிளக்கு ஏற்ற வந்த பெரியவர். மூன்றாவது நீ. நான்காவது நான். முதல் பெயராக ஒரு கட்டுரை இல்லாமல் ஆய்வேட்டில் கையெழுத்துப் போடமாட்டேன் என்பது சாரே வைத்த விதி. முதல் பெயரைத் தராமல் இருப்பதும் அவரே. பூட்டும் சாவியும் ஒரே சட்டைப் பையில்.

இன்னொரு நல்ல செய்தி. பிப்ரவரி கடைசியிலிருந்து வெள்ளி மறுபடியும் உருள ஆரம்பித்துவிட்டது. மார்ச் முழுக்க ஒன்றுகூடச் சரியாகப் பரவவில்லை. மார்ச்சில் எனக்கு நோன்பு. சார் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டார். எல்லோர் முன்னாலும் கேட்டார்.

"ரைஹானத், தப்பா எடுத்துக்காதம்மா. வயிறு காஞ்சா கை நடுங்கும். அது இயற்கை. மெஷினுக்கு அது தெரியும்லா?"

"போன வருஷமும் நோன்பு வச்சேன் சார். கை நடுங்கல."

"போன வருஷம் வெள்ளி பரவவும் இல்லையே!"

எல்லோரும் சிரித்தார்கள். கணேஷ்ராம் என்று ஒரு புது ஆய்வு மாணவன் சேர்ந்திருக்கிறான். அவனும் சிரித்துவிட்டு அவசரமாகத் தலையைக் குனிந்துகொண்டான். நோன்புப் பெருநாள் முடிந்து நான் வந்தபோது சேம்பர் சாவி அவன் கையில் இருந்தது. என்னை நூலகத்தில் உட்கார்ந்து "எழுத்து வேலை" பார்க்கச் சொல்லியிருக்கிறார்.

மார்ச்சில் செய்த இரண்டை அனுப்புகிறேன். சீவிப் பார்.

ரைஹானத்


பெங்களூரு
4 மே 2025

ரைஹானா,

இரண்டில் முந்தியதில் அந்த வரிசை அங்கங்கே அறுந்து கிடக்கிறது. பிந்தியதில் சுத்தமாக இல்லை. எங்கிருந்து பொட்டாசியம் வந்ததோ அங்கே அது தீர்ந்துபோயிருக்கிறது. படிகம் புதிதுபுதிதாக வருகிறது, அதில் தீராது. உன் கையும் தீராது. ஆக நீயும் காரணம் இல்லை, மாமா அச்சில் ஏற்றியதும் உண்மை இல்லை.

இந்த இரண்டையும் அவர் பெயரில் பதியாமல் இரவில் பார்த்தேன், அவரிடம் சொல்லப்போவதில்லை. இந்தக் கட்டுரையைக் காட்டித்தான் என்னை இங்கே நிரந்தரம் ஆக்குவார்கள். இப்போது நான் ஒரு நுண்ணோக்கிக்குக் கூலியாள். வடக்கிலிருந்து வரும் பேராசிரியர்கள் என்னைப் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிடுவதில்லை, "ஆபரேட்டர்" என்கிறார்கள்.

நீ ஒரு காரியம் செய். சாரிடம் போய் ஒரு "சாரி சார்" சொல்லிவிடு. பெரிய மனுஷர்களுக்கு எதற்கு என்பது முக்கியமில்லை, சொன்னால் போதும். சாவி திரும்பி வரும்.

பிருந்தா


மேலப்பாளையம்
24 அக்டோபர் 2025

பிருந்தாவுக்கு,

இத்தனை மாதம் எழுதாததற்குக் காரணம் உன் அறிவுரை. அதை வைத்துக்கொண்டு நீயே பிழைத்துக்கொள்.

இப்போது எழுதுவதற்குக் காரணம் வேறு. நின்று நிதானமாகப் படி.

கணேஷ்ராம் நோன்பு வைப்பதில்லை. வயிறு நிறையப் புரோட்டா தின்றுவிட்டுத்தான் சேம்பரைத் தொடுகிறான். ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை அவன் செய்த வெள்ளியும் உருண்டது. அவனுடைய கையைப் பற்றிச் சார் ஒன்றும் கேட்கவில்லை. "பழகணும்லா. பைய வரும்" என்றார்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் சார் என்னிடம் சொல்வது உனக்கு மனப்பாடம். "உனக்கு எதுக்கும்மா சங்கடம்? நாளைக்கு லீவு எடுத்துக்கோ." ஒவ்வொரு வருடமும் எடுத்தேன். மறுநாள் பொரியும் கடலையும் காகிதத்தில் மடித்து நீ கொண்டுவருவாய், நானும் தின்றேன். இந்த வருடம் நான் இயந்திரத்தோடு சம்பந்தமில்லாத ஆள். அதனால் என்னிடம் சொல்ல யாருக்கும் ஞாபகம் வரவில்லை. நானும் வந்துவிட்டேன். நடைவழியில் நின்று கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன்.

குழாய்களுக்கெல்லாம் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று, தோரணம். அது எப்போதும் உள்ளதுதான். பிறகு சார் வேட்டியை இறுக்கிக்கொண்டு, "சேம்பரத் தொறயும்வே" என்றார். நம் டெக்னீஷியன் சிவசைலம் தயங்கினார்.

"ஐயா, உள்ள வேண்டாமே. போன தடவையே பம்பு ரொம்ப நேரம் இழுத்துச்சு."

"போன வருஷந்தானவே எனக்குப் புத்தியே வந்துச்சு! அதுவரை சட்டைக்குத் துன்னூறு பூசிட்டு இருந்திருக்கோம். நெத்தி உள்ளல்லா இருக்கு. பூசுன பொறவு வெள்ளி பரவுச்சா இல்லையா? தொறயும்."

திறந்தார்கள். சார் கையை உள்ளே விட்டு ஹீட்டர் தட்டில் மூன்று விரலால் திருநீற்றுப் பட்டை இழுத்தார். சிவசைலம் ஒரு துணியால் மேலாகத் துடைத்துவிட்டு மூடினார். திரும்பும்போது சார் என்னைப் பார்த்துவிட்டார். "ஏ, ரைஹானத்தா! உள்ள வர வேண்டாம்மா, அங்கனயே இரி. சுண்டல் வரும்." சுண்டல் வந்தது.

அடுத்த வாரம் கணேஷ்ராமின் வெள்ளி பரவியது. சார் அவனுக்குப் பொன்னாடை போர்த்தினார். "கைராசிக்காரன்வே இவன்" என்றார்.

சாம்பலில் பொட்டாசியம் உண்டு என்பது பள்ளிக்கூடப் பாடம். அந்தத் தட்டின்மேல்தான் படிகம் உட்காருகிறது. வெள்ளி போடுவதற்கு முன்னால் அறுநூறு டிகிரிக்குச் சூடாக்குகிறோம். பொட்டாசியம் கிளம்பிப் படிகத்தின்மேல் போய் உட்காருகிறது. நாலைந்து மாதத்தில் தீர்ந்துபோகிறது. அவ்வளவுதான் பொருநை அடுக்கு.

தீபாவளி விடுமுறையில் கட்டடம் காலி. கணேஷ்ராமிடம் கேட்டேன். "அக்கா, நீங்க உள்ள பாருங்க. நான் வாசல்ல நிக்கேன். சார் போன் போட்டா நீங்க இங்கன இல்ல, சரியா?" என்றான். பொன்னாடை அவனுக்கு உறுத்தியிருக்க வேண்டும். அலமாரியில் இருந்த புதுத் தட்டுகள் இரண்டை எடுத்தேன். ஒன்றில் திருநீறு பூசினேன், ஒன்றில் பூசவில்லை. இரண்டிலும் படிகத்தை வைத்து ஒரே மாதிரி வெள்ளி போட்டேன். அந்தப் படிகங்கள் பெட்டியில் அ, ஆ என்று இருக்கின்றன. எது எது என்று சொல்லமாட்டேன்.

திருநீற்றின்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அது அதன் வேலையைச் செய்தது. ஒரு இயந்திரத்தைத் தினமும் ஓட்டுகிறவளை வெளியே அனுப்பிவிட்டு அதன் வயிற்றைத் திறக்கிறார்கள். பிறகு அவள் பட்டினி கிடந்ததால்தான் அது கெட்டது என்கிறார்கள். இவர்களை நான் என்ன சொல்லித் திட்டுவது? தமிழில் எனக்குத் தெரிந்ததெல்லாம் போதவில்லை.

ரைஹானத்


பெங்களூரு
15 நவம்பர் 2025

ரைஹானா,

அ-வில் ஒன்றும் இல்லை. ஆ-வில் பொட்டாசிய வரிசை ஒரு இடம் விடாமல் இருக்கிறது. ஆ-தான் திருநீறு.

படம் திரையில் வந்ததும் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்து அறைக்காரர் ஓடிவந்து என்ன என்று கேட்டார். அவருக்குச் சொல்ல முடியவில்லை. பட்டை இழுக்கிற மாமாவின் மூன்று விரல் கண்ணுக்குள்ளேயே நின்றது. அப்புறம் சிரிப்பு நின்றுபோனது. ஏனென்றால் இது நல்ல வேலை, ரைஹானா. ஒரே ஒரு அணு கனத்துக்குப் பொட்டாசியம் இருந்தால் வெள்ளி பரவும் என்பதை எங்கேயும் யாரும் இவ்வளவு சுத்தமாகக் காட்டியதில்லை. அளந்து போட்டு, முறையாக எழுதினால் உலகம் திரும்பிப் பார்க்கும். அதைக் கண்டுபிடித்தவள் நீ. மாமா கண்டுபிடித்தது சுண்டல்.

ஆனால் வெளியில் சொன்னால் என்ன ஆகும் என்று யோசி. அச்சான கட்டுரை பொய் என்று ஆகும். அதில் என் பெயர் இருக்கிறது. என் பணி ஆணை அடுத்த மாதம் வரவேண்டும். நீயும் பட்டத்தை வாங்கிக்கொள், பிறகு பேசு. அதுவரை வாயை மூடிக்கொண்டிருப்பது பாவம் ஒன்றும் இல்லை. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக அப்படித்தான் உத்தியோகம் பார்க்கிறார்கள்.

பிருந்தா


மேலப்பாளையம்
30 நவம்பர் 2025

பிருந்தாவுக்கு,

உன் கடிதம் கிடைத்த மறுநாளே சாரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். உன் பெயரைச் சொல்லவில்லை. இரண்டு தட்டையும் மேசைமேல் வைத்தேன். அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"யார்ட்டயும் சொன்னியா?"

"இன்னும் இல்ல சார்."

"நல்லதாப் போச்சு. உக்காரும்மா." அவர் அறையில் அவர் என்னை உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை. "கெட்டிக்காரி. நான் அப்பவே நெனச்சேன். இத எழுது. ரெண்டாவது கட்டுரைக்கு நீதான் மொத பேரு. ஆய்வேட்டுக்கு வர்ற வாரமே கையெழுத்து. ஆனா துன்னூறுன்னு எழுதாத, ஊரு சிரிக்கும். பொட்டாசிய மூலப்பொருள்னு எழுது. நாமளே யோசிச்சுப் போட்டோம்னு எழுது."

"மொதக் கட்டுரையில தானா மேலேறி வந்துச்சுன்னு எழுதியிருக்கீங்களே சார்?"

"அது அப்ப உள்ள அறிவு."

"என் நோன்பு?"

அவர் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். "அது ஒரு பேச்சுக்குச் சொன்னதுல்லா! அதையா இன்னும் மனசுல வச்சிருக்க?"

வீட்டுக்கு வந்து எழுதிப் பார்த்தேன். "பொட்டாசிய மூலப்பொருள்." பார்க்க அழகாகத்தான் இருந்தது. என் பெயரை முதலாவதாகப் போட்டுப் பார்த்தேன், அதுவும் அழகாக இருந்தது. உன்மேல் எனக்கிருந்த ஏளனத்தில் கொஞ்சம் அன்று குறைந்தது. இது இப்படித்தான் ஆரம்பிக்கிறது போல. மறுநாள் காலை அழித்துவிட்டேன். நடந்ததை நடந்தபடி ஆய்வேட்டில் எழுதப்போகிறேன். அ, ஆ இரண்டின் படங்களும் வேண்டும், எடுத்தவர் பெயரோடு.

ரைஹானத்


பெங்களூரு
7 டிசம்பர் 2025

ரைஹானா,

படங்கள் இதனுடன் இருக்கும் மெமரி கார்டில் இருக்கின்றன. இதை அனுப்புவதே எனக்குப் பெரிய காரியம் என்பது உனக்குப் புரியாது. என் பெயரைப் போடாதே. "ஒரு நண்பரின் உதவி" என்று போட்டுக்கொள். நண்பர் என்ற சொல் பிடிக்காவிட்டால் அதையும் எடுத்துவிடு.

பிருந்தா


மேலப்பாளையம்
28 டிசம்பர் 2025

பிருந்தா,

உன் பெயரைப் போட்டுவிட்டேன், முழுப் பெயர். எடுத்த ஆளின் பெயர் இல்லாத படத்தை எந்தத் தேர்வாளரும் நம்பமாட்டார். உன் பணி ஆணை வந்துவிட்டது என்று கணேஷ்ராம் சொன்னான். வந்த பிறகுதான் போட்டேன். அந்த அளவுக்குத்தான் நான் நல்லவள், இதற்குமேல் எதிர்பார்க்காதே. திட்டுவதானால் நன்றாகத் திட்டி எழுது. உன் திட்டில் எப்போதும் தண்ணீர் அதிகம்.

செய்முறைப் பகுதியில் மூன்று வரி எழுதினேன். "ஹீட்டர் தட்டில் திருநீறு பூசப்பட்டது. பூசியவர் ஆய்வு நெறியாளர். ஆய்வாளர் அப்போது அறைக்குள் அனுமதிக்கப்படவில்லை."

சார் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு படித்தார். முதல் வரியை விழுங்கிவிட்டார். திருநீறு என்று இருந்தால் இருக்கட்டும், பெருமைதான் என்றுகூட அதற்குள் ஒரு விளக்கம் தயாராகியிருந்தது. இரண்டாவது வரியையும் விட்டுவிட்டார். பூசியவர் தான் என்பதால் கண்டுபிடித்தவரும் தான் என்று சொல்லிக்கொள்ளலாம் அல்லவா? மூன்றாவது வரிக்கு வந்ததும் பேனா நின்றது.

"இது எதுக்கும்மா? இது அறிவியலா?"

"ஆமா சார். அதனாலதான் ஒரு வருஷம் காரணம் தெரியாமப் போச்சு. காரணத்த எழுதணும்லா."

"உன் சங்கடத்துக்காகத்தான லீவு எடுத்துக்கச் சொன்னேன்?"

"எனக்குச் சங்கடம்னு நான் எப்ப சார் சொன்னேன்?"

அவர் பேனாவை மூடிவிட்டார். அந்த வரி போனால் கையெழுத்து, இல்லாவிட்டால் இல்லை என்றார். நெறியாளரை மாற்றித் தரக் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டேன். நம் துறை அனுராதா மேடம் என்னை எடுத்துக்கொள்கிறேன் என்றார். விதிப்படி இன்னும் ஒரு வருடம் இழுக்கும். கல்யாணப் பேச்சு ஒன்று வந்திருந்தது, படிப்பு இப்போதைக்கு முடியாது என்று தெரிந்ததும் அவர்கள் விலகிக்கொண்டார்கள். அதற்காக யாரும் எனக்கு ஆறுதல் எழுத வேண்டாம்.

வாப்பாவிடம் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன். பிளைவுட் கடைக்குக் கிளம்பி, வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றே கேட்டார். கடைசியில், "ஒரு வரிதானம்மா. எடுத்திரேன்" என்றார்.

"ஒரு வரிதான் வாப்பா. அவர் விட்டுரலாம்லா?" என்றேன்.

ரைஹானத்